ஒன்பது மில்லிகிராம்

அவளைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ரேங்க்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்றாம் வகுப்பில் முதல் ரேங்க் வாங்கியபோது விளையாட்டாக ஆரம்பித்தது. அவளும் விடாமல் வாங்கிக்கொண்டே இருந்ததால் ஒட்டிக்கொண்டது. அம்மா தையல்காரி. வருகிறவர்களுக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டே மகளின் மார்க்கையும் சொல்லிவிடுவாள். சட்டை தைக்கக் கொடுக்க வந்தவர்கள் கணிதத்தில் எவ்வளவு, இயற்பியலில் எவ்வளவு என்று தெரிந்துகொண்டுதான் வீட்டுக்குப் போக முடியும். வேறு வழி கிடையாது.

பல்கலைக்கழகத்தில் இயற்பியல் எடுத்தாள். அங்கேயும் அதே கதைதான். இரண்டரை வருடம் முடிந்தபோது இரண்டாவதாக வந்தவனைவிடப் பதினொரு மார்க் முன்னால் இருந்தாள். முதல் ரேங்க் வாங்குபவருக்கு அதே துறையில் மேற்படிப்புக்கு இடம் தானாகக் கிடைத்துவிடும். மற்றவர்கள் நுழைவுத் தேர்வு எழுதி நானூறு பேரோடு முட்டிமோத வேண்டும். அந்த இடம் தனக்குத்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அம்மாவுக்கு அதைவிட இல்லை. மேற்படிப்புக்குப் போட்டுக்கொண்டு போக என்று இரண்டு சட்டை முன்கூட்டியே தைத்து வைத்திருந்தாள்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு விஷயம். மூன்றாம் வருடத்தில் பதினாறு வாரம் வெளியே ஏதாவது ஓர் இடத்தில் வேலை செய்துவிட்டு வர வேண்டும். அதற்கு நூறு மார்க். பல்கலைக்கழகக் கையேட்டில் இதன் நன்மைகள் ஒரு பக்கம் முழுக்க அச்சடிக்கப்பட்டிருந்தன. தன்னம்பிக்கை வளரும், தலைமைப் பண்பு மலரும், குழுவாக இயங்கும் ஆற்றல் பெருகும் என்றெல்லாம். எழுதியவர் எங்கேயும் வேலைக்குப் போயிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். இரண்டாவதாக வந்தவன் தன் மாமாவின் அலுவலகத்துக்குப் போனான். அங்கே பதினாறு வாரமும் என்ன செய்தான் என்பது மாமாவுக்கே தெரியாது. தொண்ணூற்றெட்டு வாங்கினான்.

இவளுக்கு மாமா யாரும் இல்லை. துறையில் ஒட்டியிருந்த பட்டியலில் கடைசியாக இருந்த ஒரு கம்பெனி கிடைத்தது. தராசுகளைச் சோதித்து, சரியாக இருக்கிறது என்று சர்டிஃபிகேட் கொடுக்கும் கம்பெனி. டயர்க் கடைக்கு மேலே இரண்டு அறை. முன்னறையில் மேசை, கோப்புகள், தண்ணீர்க் குடம். உள்ளறையில் காற்றே கிடையாது. மின்விசிறி போடக்கூடாது, ஜன்னல் திறக்கக்கூடாது, செருப்போடு நுழையக்கூடாது, எடை பார்க்கும்போது பேசக்கூடாது. தும்மல் வந்தால் வெளியே ஓடிவிட வேண்டும். நடுவில் கல் மேடை, அதன்மேல் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு தராசு. ஒரு தலைமுடியை வைத்தால் அதன் எடையையும் சொல்லும்.

அங்கே இருந்தது மொத்தம் இரண்டு பேர். ஒருவர் மேடம். உயரம் ஐந்தடிக்கும் குறைவு, கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசினால் அதிகம். இன்னொருவர் வேன் ஓட்டுபவர். வேன் ஓட்டுவது, கடைகளில் போய்த் தராசைச் சோதிப்பது, கழன்ற ஸ்குரூவை மாட்டுவது எல்லாம் அவர்தான். மேடம் பேசாமல் மிச்சம் வைத்ததையெல்லாம் அவர் பேசித் தீர்ப்பார்.

முதல் நாளே அவர் சொன்னார். "இங்க ரெண்டு பெட்டி இருக்கும்மா. உள்பெட்டி, வெளிப்பெட்டி. உள்பெட்டி இந்த ரூம விட்டு நகராது, அது மகாராணி. வெளிப்பெட்டி என்கூட ஊரெல்லாம் சுத்தும். திங்கட்கிழமையானா வெளிப்பெட்டிக் கல்லை மகாராணியோட வெச்சு ஒப்பிட்டுப் பாப்பாங்க மேடம். சரியா இருந்தாத்தான் நான் வண்டிய எடுப்பேன்."

பத்து வாரம் முன்னறையில் கோப்பு அடுக்குவதிலேயே போனது. பதினொன்றாம் வாரம் வியாழக்கிழமை மேடம் ஏதோ வேலையாக வெளியே போயிருந்தார். வேன்காரர் வேனுக்குப் பஞ்சர் ஒட்டக் கீழே போயிருந்தார். ரேங்க் சும்மா உட்கார்ந்திருந்தாள். சும்மா உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமே இல்லை. எதிரே வெளிப்பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே எடைக்கற்கள். ஐந்து கிராமிலிருந்து ஒரு கிலோ வரைக்கும் பித்தளையில் வரிசையாக. பார்க்கச் சகிக்கவில்லை. மங்கிப்போய், கறுத்து, ஊரெல்லாம் சுற்றி வந்த களைப்பு முகத்திலேயே தெரிந்தது.

ஐயோ பாவம், நல்ல மனசோடுதான் செய்தாள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் வைத்து, பாத்திரம் தேய்க்கிற பொடியும் கம்பி நாரும் போட்டு அழுத்தித் தேய்த்தாள். அழுக்கு போகப் போக உற்சாகம் வந்தது. இருநூறு கிராம் கல் மட்டும் கொஞ்சம் அடம் பிடித்தது. அதை இரண்டு தடவை தேய்த்தாள். துடைத்து, காயவைத்து, திரும்பப் பெட்டியில் அடுக்கியபோது எல்லாம் தங்கம் மாதிரி மின்னின. வேன்காரர் மேலே வந்து பெட்டியைப் பார்க்காமலே மூடி எடுத்துக்கொண்டு போனார். அவருக்குப் பஞ்சர் கவலை. பிறகு கடையில் பார்த்தபோதும் மேடம்தான் துடைக்கச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்.

பாத்திரம் என்றால் தேய்த்தால் நல்லது. எடைக்கல் என்றால் தேய்த்த அளவுக்குக் குறைந்துபோகும். அதனால்தான் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் கல்லைக் கையால்கூடத் தொடாமல் இடுக்கியால் எடுப்பார்கள், மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. எடைக்கல்லை ஒருத்தி நார் போட்டுத் தேய்ப்பாள் என்று யாருக்குத்தான் தோன்றும்?

இதுவரைக்கும் நடந்தது அறியாமை. மன்னித்துவிடலாம். அதற்கப்புறம் நடந்ததுதான் விவகாரம்.

திங்கட்கிழமை மேடம் அவளிடம், "இன்னிக்கு நீ பாரு" என்றார். பெரிய மரியாதை அது. உள்பெட்டியின் இருநூறு கிராம் கல்லை வைத்தாள். திரையில் 200.000 என்று காட்டியது. எடுத்துவிட்டு வெளிப்பெட்டிக் கல்லை வைத்தாள். 199.991. ஒன்பது மில்லிகிராம் குறைவு. மற்ற கற்களில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை, இது மட்டும்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்ப வைத்தாள். அதே எண். நமக்குத்தான் வைக்கத் தெரியவில்லை என்று நினைத்தாள். பேரேட்டில் 200.000 என்று எழுதினாள்.

இதைக் கேட்டு யாரும் மூக்கின் மேல் விரல் வைக்க வேண்டாம். இரண்டரை வருடமாக அவளுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது அதுதான். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் விடைதான் முதலில் வரும், அளவீடு பின்னால் வரும். முந்தைய வருடத்து நோட்டில் விடை இருக்கும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, ஐந்து அளவீடுகளை உண்டாக்கி, சந்தேகம் வராமல் இருக்க அங்கே கொஞ்சம் கூட்டி, இங்கே கொஞ்சம் குறைத்து எழுதுவார்கள். எல்லோரும் செய்ததுதான். ஆனால் ரேங்க் அளவுக்கு இயற்கையாகக் கூட்டிக் குறைக்க வேறு யாராலும் முடிந்ததில்லை. ஆய்வுக்கூடப் பேராசிரியர் அந்த நேரம் முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பி நின்று வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு 'ஜன்னல் சார்' என்றே பெயர். நோட்டைத் திருத்தும்போது மட்டும் திரும்புவார். நூற்றுக்கு நூறு போடுவார்.

மேடம் பேரேட்டில் 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். வெளிப்பெட்டி வேனில் ஏறியது.

அடுத்த திங்களும் 199.991. அவள் 200.000 என்று எழுதினாள். அதற்கடுத்த திங்கள் மறுபடியும் 199.991. எழுதிவிட்டாள். எழுதிய பிறகுதான் யோசித்தாள். கைத் தவறு என்றால் தடவைக்கு ஒரு மாதிரி அல்லவா இருக்க வேண்டும்? இது மூன்று வாரமாக ஓர் எண்ணைக்கூட மாற்றிக்கொள்ளாமல் ஒரே பேச்சாகப் பேசுகிறது. இயந்திரம் பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் யார் சொன்னது? பெட்டியில் பளபளத்துக்கொண்டிருந்த கற்களைப் பார்த்தாள். குழாயடி ஞாபகம் வந்தது.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னாள். அம்மா பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்பது மில்லிகிராம்னா எவ்வளவுடி?"

"ஒரு கிராம ஆயிரமாப் போட்டா அதுல ஒன்பது."

"இந்தப் பொத்தான்ல தொங்குற நூலு அதவிட கனம். இதுக்கா சாப்பிடாம உக்காந்திருக்க? வாயை மூடிக்கிட்டு மிச்ச வாரத்த முடிச்சுட்டு வா."

"அவங்க அதவெச்சு சர்டிஃபிகேட் குடுத்திருக்காங்கம்மா. மருந்துக்கடைக்கு, நகைக்கடைக்கு எல்லாம்."

"யாராவது செத்தாங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? நீ போய் சொன்னா அந்தம்மா மார்க்குல கை வெப்பாங்க. பதினொரு மார்க்தான் இருக்கு உன்கிட்ட. ஞாபகம் வெச்சுக்க."

அம்மா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. யாரும் சாகப் போவதில்லை. பெட்டியை மறுபடி யாரும் நுணுகிப் பார்க்கப் போவதில்லை, ஏனென்றால் பார்க்கிற வேலையே இப்போது அவளுடையது. சும்மா இருந்தால் போதும். அதுதான் அவளுக்குப் பழக்கமில்லையே.

மறுநாள் காலையில் மேடம் கைப்பையை மேசைமேல் வைக்கிறதுக்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தேய்த்தது, பார்த்தது, வேறு எழுதியது எல்லாம். மேடம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளறைக்குப் போனார். இருபது நிமிடம் கழித்து வந்தார்.

"கல்லைத் தேய்ச்சது தெரியாத்தனம்" என்றார். "எண்ண மாத்தி எழுதினது?"

அவள் பேரேட்டை எடுத்து நீட்டினாள்.

"மூணு கையெழுத்தும் என்னோடது. நான் பாக்காமப் போட்டேன்." மேடம் பேரேட்டைத் திறந்து மூன்று வரிகளிலும் சிவப்புக் கோடு போட்டார். "அந்த மூணு வாரத்துல எத்தன இடம் போனீங்க?"

"முப்பத்தேழு" என்றார் வேன்காரர். அன்றைக்கு அவர் பேசிய ஒரே சொல் அதுதான்.

"முப்பத்தேழு இடத்துக்கும் போகணும். சர்டிஃபிகேட்ட திரும்ப வாங்கிட்டு, தராசுல சிவப்பு லேபிள் ஒட்டணும். புதுக்கல் வந்து மறுபடி சோதிக்கிற வரைக்கும் அத யாரும் தொடக்கூடாது. ரத்துக் கடிதத்துல அவங்க கையெழுத்து வாங்கணும்." பிறகு அவளைப் பார்த்தார். "பேசுறது நீ."

மிச்ச வாரங்கள் இப்படித்தான் போயின. வேன்காரர் வண்டியை நிறுத்துவார். அவள் இறங்கிப் போய், "போன மாசம் உங்க தராசுக்கு நாங்க குடுத்த சர்டிஃபிகேட் செல்லாது. தப்பு எங்களோடது" என்பாள். முதல் இடம் மருந்துக்கடை. அங்கே இருந்த அம்மாள், "எங்களோடதுன்னா யாரோடது?" என்று கேட்டார். "என்னோடது" என்றாள். அதற்கப்புறம் எல்லா இடத்திலும் அப்படியே சொல்லிவிட்டாள். எப்படியும் கேட்கத்தான் போகிறார்கள்.

நகைக்கடைக்காரர் நாற்பது நிமிடம் நிற்கவைத்துத் திட்டினார். திட்டியதில் பாதி அவருடைய பங்காளியைப் பற்றி. வாசனைத் திரவியம் கலக்குகிற இடத்தில் ஓர் ஆள் சிவப்பு லேபிளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, மூன்று நாள் லீவு கிடைக்குமா என்று கேட்டார். ஒரு பள்ளிக்கூடத்தில் தராசு பீரோவுக்குள் துணி போர்த்திப் பத்திரமாக இருந்தது. வாங்கின நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறதாம். வருடாவருடம் சர்டிஃபிகேட் மட்டும் தவறாமல் வாங்குகிறார்கள். ஒரு பெயின்ட் கடைக்காரர் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "தப்புன்னு சொல்லிக்கிட்டு இதுவரைக்கும் யாருமே இந்தப் படியேறினதில்லம்மா" என்று நாற்காலி போட்டார். அங்கேதான் அவளுக்கு அழுகை வந்தது. திட்டின இடத்தில் வரவில்லை.

வேன்காரர் பட்டியலைப் பார்த்துத்தான் வண்டி ஓட்டுவார். கடைசி வாரம், கடைசிப் பெயரைப் படித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "முப்பத்தேழாவது உங்க யுனிவர்சிட்டிம்மா. இயற்பியல் துறை."

அவள் பையைத் தொட்டுப் பார்த்தாள். மேடம் நிரப்பிக் கொடுத்த மதிப்பீட்டுப் படிவம் அப்போது அவள் பைக்குள்தான் இருந்தது. அதில் மார்க் போட வேண்டிய இடம் காலியாக இருக்கும். துறைப் பேராசிரியர்தான் போடுவார். அதாவது ஜன்னல் சார்.

ஆய்வுக்கூடத்தில் அவர் தனியாக இருந்தார். வழக்கம்போல ஜன்னல் பக்கம். அவள் வேன்காரரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய் முப்பத்தேழாவது தடவையாக அந்த வாக்கியத்தைச் சொன்னாள். அவர் திரும்பினார்.

"இந்தத் தராசா? திங்கக்கிழமை ரெண்டாம் வருஷத்துக்குப் பரீட்சை இருக்கேம்மா."

"இருக்கு சார். அதுக்குள்ள புதுக்கல் வராது."

"அது எவ்வளவு தப்பு?"

"ஒன்பது மில்லிகிராம் சார்."

அவர் சிரித்தேவிட்டார். "நம்ம பசங்களுக்கு ஒன்பது கிராம் தப்பா இருந்தாலும் விடை சரியாத்தான் வரும். உனக்குத் தெரியாததா? பரீட்சை முடியட்டும். ரெண்டு வாரம் கழிச்சு வந்து ஒட்டிக்க. உன் படிவமும் என்கிட்டதானே வரணும்? அப்போ சேத்தே முடிச்சுடலாம்."

மிரட்டல் மாதிரி அவர் சொல்லவில்லை. நல்ல மனிதர்தான். அன்பாகவே சொன்னார், அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது. பதினொரு மார்க், அம்மா தைத்து வைத்த இரண்டு சட்டை, நானூறு பேர் உட்காரும் நுழைவுத் தேர்வு எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்து நின்றன. இரண்டு வாரம்தானே. இரண்டு வாரத்தில் யார் என்ன எடை போட்டுக் கிழித்துவிடப் போகிறார்கள்?

லேபிளின் பின்தாளை உரித்தாள். தராசின் மேல் கோணலாக ஒட்டினாள். 'பயன்படுத்தக் கூடாது.'

ஜன்னல் சார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ரத்துக் கடிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பிறகு, பேனாவை மூடாமலே கேட்டார்.

"மூணு வருஷமா என் லேப்ல நீ எழுதினதெல்லாம்?"

"விடையப் பாத்து எழுதினது சார்."

"எல்லாமா?"

"எல்லாம்."

"சரி, போ" என்றார்.

படியிறங்கி வேனில் ஏறி உட்கார்ந்த பிறகு வேன்காரர், "உன் படிவத்துல மார்க் போட்டாரா?" என்று கேட்டார். அவள் பையைத் திறந்து பார்த்தாள். படிவம் அப்படியே இருந்தது. பதினாறு வாரம் எதற்காக அலைந்தாளோ அதைக் கொடுக்கவே மறந்துவிட்டு, கம்பெனிக் காகிதத்தை மட்டும் பத்திரமாக வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். வேன்காரர் வண்டியை அணைத்துவிட்டார்.

திரும்ப மேலே போனாள். சார் ஜன்னல் பக்கம் இல்லை. தராசுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். படிவத்தை நீட்டினாள். மேடம் அதில் மூன்றே வரி எழுதியிருந்தார். 'கண்ட அளவை எழுதாமல் வேறு அளவை எழுதினார், மூன்று முறை. நானும் பார்க்காமல் கையெழுத்திட்டேன். யாரும் கேட்காமலே தானாக வந்து சொன்னார்.' தன்னம்பிக்கை, தலைமைப் பண்பு என்ற கட்டங்களில் ஒன்றும் எழுதவில்லை.

சார் அதை முதலில் ஒரு தடவை படித்தார். பிறகு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். ஏதோ கணக்குப் போடுகிறவர் மாதிரி உதடு அசைந்தது. மார்க் போட்டு, கையெழுத்திட்டு, திருப்பிக் கொடுத்தார்.

மாடிப்படியிலேயே பிரித்துப் பார்த்தாள். எழுபத்தொன்று. இரண்டாவதாக வந்தவனுக்குத் தொண்ணூற்றெட்டு. கழித்துப் பார்க்க ஒரு நொடிகூட ஆகவில்லை. ரேங்க் போயிற்று. இடமும் போயிற்று. படியில் உட்கார்ந்து அழுதாள். பெருமையில் வந்த அழுகை, நிம்மதியில் வந்த அழுகை என்றெல்லாம் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ரேங்க் போனதற்குத்தான் அழுதாள். கொஞ்ச நேரம் நன்றாகவே அழுதாள். பிறகு அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"எவ்வளவுடி?"

"எழுபத்தொண்ணு."

அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது. "என்னது? படிச்சுப் பாத்தாரா, இல்ல கண்ண மூடிக்கிட்டுப் போட்டாரா அந்த மனுஷன்?"

"ரெண்டு தடவ படிச்சாரும்மா" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "பாத்துட்டுத்தான் போட்டாரு."